நகத்துக்கடியில் உயிர் போகிற வலி, எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்: குளோமஸ் கட்டியாக இருக்குமா?

கேள்வி | டிசம்பர் 26, மாலை

அம்மாவுக்கு 47 வயது. இடது கை மோதிர விரலில், நகத்துக்கு அடியில் வலி. ரொம்ப நாளாக இருக்கிறது. வீக்கம் இல்லை, சீழ் இல்லை, அடிபட்ட ஞாபகமும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கையை உதறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். எக்ஸ்ரே நார்மல், சர்க்கரை நார்மல், யூரிக் ஆசிட் நார்மல். கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார் ஒருவர், நரம்பு என்றார் இன்னொருவர். கடைசியாகப் பார்த்தவர் "மாதவிடாய் நிற்கிற வயசு, மனசுதான் காரணம்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். இங்கே யாரோ பழைய பதிவில் குளோமஸ் கட்டி என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். என் கணிப்பு இதுதான்: ஏதாவது இருந்தால் எம்.ஆர்.ஐ-யில் தெரிந்துவிடும், அதிலும் தெரியாவிட்டால் மனசுதான். சரிதானே?

டிசம்பர் 26, இரவு 9.50

முதல் பாதி ஓரளவு சரி தம்பி, இரண்டாவது பாதி தப்பு. அந்தப் பழைய பதிவை எழுதியது நான்தான், எனக்கும் இது வந்தது. குளோமஸ் கட்டி என்பது விரல்நுனியின் நுண்ணிய ரத்தக்குழாய் அமைப்பில் வருகிற, பெரும்பாலும் சில மில்லிமீட்டரே உள்ள ஒரு கட்டி.

ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எங்கே வலிக்கிறது, காட்டு." விரல் முழுவதையும் இன்னொரு கையால் பொத்திப் பிடித்துக் காட்டினால் அது வேறு கதையாக இருக்கலாம். ஆள்காட்டி விரல் நுனியால் நகத்தின் மேல் ஒரு புள்ளியைத் தொட்டு, அதையும் தொடாமல் தொட்டு, "இங்கே, இந்த இடம் மட்டும்" என்று காட்டினால் நிமிர்ந்து உட்காருங்கள். பிறகு குண்டூசியின் தலையாலோ, மை தீர்ந்த பேனா நுனியாலோ நகத்தின் மேல் பல இடங்களில் மெதுவாக அழுத்துங்கள். கூர்முனையால் இல்லை, தலைப்பக்கத்தால். அந்த ஒரு புள்ளியில் மட்டும் கையைப் பறித்துக்கொண்டு, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அழுத்தினால் "ஒண்ணுமில்லையே" என்பார் என்றால், அதற்கு 1944-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். லவ் சோதனை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த லவ் என்ற அறுவை மருத்துவரின் பெயர். பெயருக்கும் அனுபவத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒரு முறை செய்து பார்த்தால் போதும். வீட்டில் ஒவ்வொருவராக வந்து அழுத்திப் பார்க்க வேண்டாம், பாவம் அவர்.

டிசம்பர் 26, இரவு 10.15

ஒன்று விட்டுப்போனது. அம்மா நகத்தில் மருதாணி வைத்திருக்கிறாரா? நகப்பூச்சு? இருந்தால் பூச்சை அழித்துவிடுங்கள். மருதாணி என்றால் அது வளர்ந்து வெளியேறும்வரை காத்திருக்க வேண்டாம், ஆனால் பார்க்கிற மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் பார்க்க வேண்டியதே நிறம்தான். நகத்துக்கு அடியில் லேசான நீலம், அல்லது ஊதா கலந்த சிவப்பில் ஒரு திட்டு. சிலருக்கு நகத்தின் அடிப்பிறையில் தொடங்கி நுனிவரை ஒரே ஒரு சிவப்புக் கோடு ஓடும், அந்தக் கோடு முடிகிற இடத்தில் நுனி பிளந்திருக்கும். சிலருக்கு நகம் சற்று மேடாக வளைந்திருக்கும். பகல் வெளிச்சத்தில், இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மார்கழி, தை, கல்யாணம், வளைகாப்பு என்று என் நகம் வருடத்தில் பாதி நாள் சிவப்பாகத்தான் இருக்கும். நிறத்தை யாரும் பார்க்கவில்லை, பார்க்க வழியும் இல்லை.

இருட்டறையில் செல்போன் டார்ச்சை விரல்நுனிக்கு அடியில் வைத்துப் பார்க்கிற முறையும் உண்டு. விரல் முழுக்க ஒளி ஊடுருவும்போது கட்டி இருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் அடர்ந்து தெரியும் என்பார்கள். எனக்குச் செய்தபோது தெரியவில்லை. சிறியதாக இருந்தால் தெரியாமல் போகலாம், ஆகவே தெரியாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டிசம்பர் 27, காலை

என் கதையைக் கேட்டிருக்கிறார்கள், சொல்கிறேன்.

இடது கை நடுவிரல். பள்ளிக்கூட ஆசிரியை, ஊட்டிக்கு மாற்றலாகிப் போனேன். ஊட்டியில் ஜனவரி காலையில் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போது விரல்நுனியில் ஏதோ வெடிக்கிற மாதிரி வரும், தோள்வரை ஏறும், நிமிடக்கணக்கில் நிற்கும், பிறகு தானாகப் போய்விடும். அப்புறம் மேசை முனையில் நகம் பட்டாலும் வந்தது. பிரிட்ஜிலிருந்து இட்லி மாவை எடுக்க, ஜாக்கெட் கொக்கி மாட்ட, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் நடுவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்யப் பழகிவிட்டேன். வகுப்பில் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தது வேறு விஷயம்.

மாமியார் நகச்சுத்து என்று முடிவு கட்டி எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிவிட்டார். அந்தப் பழம் பிரிட்ஜிலிருந்து வந்தது. மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வரிசையாக: கழுத்து எக்ஸ்ரே, கழுத்துப் பட்டை, மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று கரண்ட் வைத்துப் பார்க்கிற பரிசோதனை, நரம்பு வலிக்குக் கொடுக்கிற ப்ரீகாபலின் மாத்திரை, விட்டமின் ஊசி. மாத்திரை சாப்பிட்டால் வகுப்பில் தூக்கம் வந்தது, வலி அப்படியே இருந்தது. ஒருவர் என் கணவரிடம் தனியாக, "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். பிரச்சினை இருந்தது, விரல் வலியால் வந்த பிரச்சினை.

கடைசியில் கோவையில் கை அறுவை சிகிச்சை மட்டும் செய்கிற ஒருவரிடம் போனேன். கோப்பைத் திறக்கவே இல்லை அவர். "குளிர் பட்டால் வருமா?" என்றார். "எங்கேன்னு காட்டுங்கம்மா" என்றார். மேசையில் இருந்த குண்டூசியை எடுத்துத் திருப்பிப் பிடித்து அழுத்தினார், நான் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். அப்புறம் கையை மேலே தூக்கச் சொல்லி, மேல்கையில் பி.பி. பட்டையைச் சுற்றி, ரத்த ஓட்டம் நிற்கிற அளவுக்குக் காற்றடித்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி அழுத்தினார். வலி இல்லை. சுத்தமாக இல்லை. பட்டையைத் தளர்த்தியதும் திரும்பி வந்தது. 1970-ல் ஹில்ட்ரெத் என்பவர் எழுதிய சோதனை இது. ரத்தம் பாய்கிற ஒன்றுதான் வலிக்குக் காரணம் என்பதை ஒரு பி.பி. பட்டை சொல்லிவிடுகிறது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, பாதி வலியில், பாதி நிம்மதியில்.

டிசம்பர் 27, மதியம்

வீட்டில் பி.பி. மெஷின் இருக்கிறது, செய்து பார்க்கலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். வீட்டு டிஜிட்டல் மெஷின் தானாகக் காற்றடித்துத் தானாக இறக்கிவிடும், அழுத்தத்தைப் பிடித்து வைக்காது. உதவாது. அதற்குப் பதிலாக விரலில் ரப்பர் பேண்ட் சுற்றிப் பார்க்கிற யோசனையும் வேண்டாம். சுற்றியதை மறந்து விட்டு, விரல் கறுத்துப் போய் வருகிறவர்கள் உண்டு. குண்டூசித் தலையும் ஒரு ஐஸ் கட்டியும் வீட்டுக்குப் போதும், மற்றதை மருத்துவரிடம் விடுங்கள்.

டிசம்பர் 28

"என் மச்சான் எம்.டி. படித்தவர், இருபது வருட அனுபவத்தில் ஒரு குளோமஸ் கட்டி கூடப் பார்த்ததில்லை, இதெல்லாம் இணையத்தில் படித்துவிட்டு வருகிற வியாதி" என்று எழுதியவருக்கு.

மச்சான் பார்க்காமல் இருந்திருக்கலாம், அதில் அவர் மேல் குற்றம் இல்லை. கையில் வருகிற மென்திசுக் கட்டிகளை எல்லாம் கூட்டினால் இது நூற்றில் ஒன்றிலிருந்து ஐந்துவரை என்கிறார்கள். பொது மருத்துவரிடம் வருவதே அரிது, வந்தாலும் கை வலி என்று வரும். ஆனால் இணையம் கண்டுபிடித்ததில்லை இது. தோலுக்கடியில் கடுமையாக வலிக்கிற சின்ன முடிச்சு என்று எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் வுட் 1812-லேயே எழுதிவிட்டார். அது எதிலிருந்து முளைக்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்து 1924-ல் விளக்கியவர் பியர் மாசோன் என்ற பிரெஞ்சு நோய்க்குறியியலாளர்.

நம் எல்லோர் விரல்நுனியிலும் நகத்தடியிலும் குளோமஸ் என்கிற நுண்ணிய அமைப்புகள் நிறைய இருக்கின்றன. சின்னத் தமனியிலிருந்து ரத்தம் தந்துகிகளுக்குள் போய்ச் சுற்றாமல் நேராகச் சிரைக்குப் போக ஒரு குறுக்கு வழி, அதைச் சுற்றித் தசை மாதிரிச் சுருங்கக்கூடிய செல்கள். வாய்க்கால் மடையைத் திறந்து மூடுகிற மாதிரி, குளிருக்கும் சூட்டுக்கும் ஏற்ப விரல்நுனியில் எவ்வளவு ரத்தம் ஓடலாம் என்று அவை பார்த்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் தேவைக்கு மேல் பெருகிவிட்டால் அதுதான் குளோமஸ் கட்டி. பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான், அபூர்வமாகவே ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். உள்ளே நரம்பு இழைகளும் இருக்கின்றன. குளிர் பட்டதும் சுருங்க வேண்டிய செல்கள், நகத்துக்கும் எலும்புக்கும் நடுவில் நகர இடமில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஏன் குளிர், ஏன் இவ்வளவு வலி என்று என்னிடம் கேட்டவர்களுக்கு இப்படித்தான் சொல்லிப் புரிய வைக்கிறேன்.

நகத்தடியில் வருவது பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் 30-லிருந்து 50 வயதுக்குள். எந்த வயதில் எந்தப் பெண்ணிடம் "மனசுதான்" என்று சொல்லி அனுப்புகிறார்களோ அதே வயது. உங்கள் மச்சானிடம் இதையும் சொல்லுங்கள்.

ஜனவரி 2

தம்பி, பேனா நுனி வைத்துப் பார்த்ததில் அம்மா கத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள், பக்கத்து விரல்களில் ஒன்றும் இல்லை என்றும். சரி. அது பலமான அறிகுறி. ஆனால் தேடுபொறியில் போய்ப் படித்துவிட்டு "காதுக்குப் பின்னால், கழுத்தில், மண்டையோட்டுக்கு அடியில் பரவும்" என்று பயந்திருக்கிறீர்கள். நீங்கள் படித்தது வேறு வியாதி. காது, கழுத்துப் பக்கம் வருவதற்கும் குளோமஸ் என்ற பெயர் பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது நரம்பு சார்ந்த செல்களில் வருகிற பாராகேங்லியோமா. விரலில் வருவதற்கும் அதற்கும் உறவு கிடையாது. விரலில் இருந்து அங்கே போகாது. அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடாதீர்கள்.

ஜனவரி 4

எம்.ஆர்.ஐ பற்றி இப்போது பேசலாம்.

எக்ஸ்ரே நார்மல் என்பதில் ஆச்சரியமே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். கட்டி பல வருடம் எலும்பை அழுத்திக் குழி பறித்திருந்தால் பக்கவாட்டுப் படத்தில் விரல்நுனி எலும்பின் மேல் ஒரு சின்னப் பள்ளம் தெரியலாம், அதுவும் மற்றக் கை விரலோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான். பலருக்கு அதுவும் இருக்காது.

எம்.ஆர்.ஐ எடுக்கப் போனால் சீட்டில் "கை வலி" என்று எழுதி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். எந்த விரல், நகத்தடி, குளோமஸ் கட்டி சந்தேகம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முழுக் கைக்கும் எடுக்கிற படத்தில் துண்டுகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியிலேயே மூன்று மில்லிமீட்டர் உருண்டை ஒளிந்துகொள்ளும். விரலுக்கேற்ற சின்ன காயில் (சிக்னலைப் பிடிக்கிற கருவி), மெல்லிய துண்டுகள், கான்ட்ராஸ்ட் மருந்து, இவை இருந்தால் கண்டுபிடிக்கிற வாய்ப்பு நன்றாகக் கூடும். டி2 என்கிற வகைப் படத்தில் கட்டி வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், மருந்து ஏற்றியதும் இன்னும் மின்னும். மருந்து ஏற்றும் முன் கிரியேட்டினின் கேட்பார்கள், சிறுநீரகத்துக்காக. கையோடு எடுத்துப் போங்கள்.

உயர் அதிர்வெண் புரோப் வைத்த அல்ட்ராசவுண்டும், ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளரும் செலவு குறைவு. ஆனால் பார்க்கிறவர் கையைப் பொறுத்தது. நகத்தடியில் ரத்த ஓட்டம் அதிகமான ஒரு கறுத்த புள்ளி. தேடுகிறவருக்குத்தான் கிடைக்கும்.

எனக்கு முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை". அதே படத்தைக் கோவை மருத்துவர் விளக்குப் பெட்டியில் மாட்டி, குண்டூசியால் தொட்ட அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் தெரிகிறது.

ஜனவரி 5

கதிரியக்கத் துறையில் வேலை செய்கிற ஒருவர் தனிச்செய்தியில் கோபித்துக்கொண்டார். நான் எம்.ஆர்.ஐ-யைக் குறைத்துப் பேசுகிறேனாம். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் கட்டி நகத்தின் நடுவிலா, ஓரத்திலா, எவ்வளவு ஆழம், ஒன்றா இரண்டா என்று தெரிந்துகொள்ள அது பெரிய உதவி. எந்தப் பக்கம் வெட்டுவது என்பதே அதை வைத்துத்தான் முடிவாகிறது. அறுவைக்குப் பிறகும் வலி நின்றபாடில்லை என்றால் அதுதான் வழிகாட்டி.

நான் சொல்வது ஒன்றுதான். மூன்று அறிகுறியும் சேர்ந்து இருக்கிறவருக்கு, அதாவது குளிர் தாங்காமை, ஒரே புள்ளி, திடீர் வலி வீச்சு, இந்த மூன்றும் இருக்கிறவருக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால், சந்தேகப்பட வேண்டியது ஸ்கேனை, அந்த ஆளை இல்லை. அவரும் இதை ஒப்புக்கொண்டார். எடுக்கிற சீட்டில் விவரம் எழுதாமல் அனுப்புகிற மருத்துவர்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே போட முடியாது.

ஜனவரி 11

எலுமிச்சம்பழம் கெடுதலா என்று கேட்டவருக்கு: நிஜமான நகச்சுத்து என்றால் நகத்தைச் சுற்றியுள்ள தோல் சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும், சில நாளில் சீழ் பிடிக்கும் அல்லது அடங்கும். வருடக்கணக்கில் வெளியே எதுவும் தெரியாமல் வலிப்பது நகச்சுத்து இல்லை. பழத்தை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 18

கால் பெருவிரல் என்று எழுதியவரே, உங்களுடையது எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. ஷூ போட்டால் வலி, நகம் மேலே தூக்குகிறது, அடியில் கல் மாதிரிக் கெட்டி, குளிரால் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். நகத்தடியில் எலும்பே முளைத்து வளர்வதும் உண்டு. அதற்கு எக்ஸ்ரே போதும். என் கதையைப் படித்துவிட்டு எல்லா விரல் வலியும் குளோமஸ் என்று நினைத்துவிட வேண்டாம். வெட்டுக்காயத்துக்குப் பின் நரம்பு முனையில் வருகிற நியூரோமா, நகத்தின் அடியோரம் வருகிற மிக்ஸாய்டு நீர்க்கட்டி, கீல்வாதம், குளிரில் விரல் வெளுத்து நீலமாகிற ரேனோ, இவை எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ரேனோவில் ஒரு புள்ளி இருக்காது, விரல்களே நிறம் மாறும். ஐஸ் கட்டிக்கு இரண்டு பேருமே அலறலாம், குண்டூசித் தலைக்கு ஒருவர்தான் அலறுவார்.

ஜனவரி 19

இன்னொருவர், கையிலும் முதுகிலும் சின்ன வயதிலிருந்தே நீல முடிச்சுகள், அப்பாவுக்கும் தங்கைக்கும் உண்டு என்கிறார். இது என் விரல் கதை இல்லை. குடும்ப வழியாக, குளோமுலின் என்ற மரபணுவில் மாற்றம் வந்து, பல முடிச்சுகளாக வருகிற சிரைக் கோளாறு ஒன்று இருக்கிறது. அதன் சுவரிலும் இதே குளோமஸ் செல்கள்தான் இருக்கும். அழுத்தினால் வலிக்கலாம், ஆனால் நகத்தடி நாடகம் பொதுவாக இருக்காது. தோல் மருத்துவரைக் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.

இது ஞாபகப்படுத்தியது: ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் குளோமஸ் கட்டி வந்தவர்கள், உடம்பில் காப்பி நிறத் தேமல் மாதிரித் திட்டுகள் பல இருக்கின்றனவா என்று பாருங்கள். நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்கிற மரபணு நோய் உள்ளவர்களுக்கு விரல்களில் இந்தக் கட்டி வருகிற வாய்ப்பு கூடுதல். என்னைக்கூட முதுகைத் திருப்பிப் பார்த்துத்தான் விட்டார்கள்.

பிப்ரவரி 1

அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ-யில் நாலு மில்லிமீட்டர் உருண்டை தெரிந்துவிட்டது, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஆனால் நகம் போய்விடும் என்று அம்மா மறுக்கிறார். அப்படித்தானே?

என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன், அதைப் படித்துக் காட்டுங்கள். விரலின் அடியில் மரத்துப்போக ஊசி. மயக்கம் இல்லை, விழித்தபடிதான் இருப்பார். ரத்தம் மறைக்காமல் இருக்க விரல் அடியில் இறுக்கிக் கட்டுவார்கள், பல இடங்களில் கையுறையின் விரலை வெட்டி அதையே உருட்டி மாட்டிவிடுவது வழக்கம். நகத்தைத் தூக்கி, அடியில் இருக்கிற படுகையை நீளவாக்கில் கீறி, உருண்டையை முழுசாக எடுத்து, மெல்லிய கரையும் நூலால் படுகையைத் தைத்து, எடுத்த நகத்தையே மூடியாகத் திரும்ப வைப்பார்கள். ஓரத்தில் இருந்தால் நகத்தை எடுக்காமல் பக்கவாட்டிலிருந்தும் போகலாம். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில் வளரும், முழுசாக வர ஏறக்குறைய ஆறு மாதம். நகத்தில் ஒரு கோடோ பிளவோ தங்கிவிடலாம், அது நடக்கிறதுதான். என் நகத்தில் ஒரு மெல்லிய வரி இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

எங்கே போவது என்று கேட்கிறவர்களுக்கு: பொதுவாகச் சொன்னால் கைக்கென்று தனியாகச் செய்கிறவர்கள், அல்லது பிளாஸ்டிக் சர்ஜரித் துறை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கே தனித்துறை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி-யில் 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் விரல்களைச் சரிசெய்யத் தொடங்கிய காலத்திலிருந்து கை அறுவைக்கு ஒரு பரம்பரை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் ஏழை இல்லை.

பிப்ரவரி 3

நகத்தை விடுங்கள், இதைக் கவனியுங்கள். ப்ரீகாபலினை வருடக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அறுவை முடிந்த சந்தோஷத்தில் மறுநாளே தூக்கி எறியாதீர்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டும், எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டே குறையுங்கள்.

பிப்ரவரி 15

முடிந்தது, நல்லபடியாக. சந்தோஷம்.

ஆனால் "சின்ன ரத்தக்குழாய் முடிச்சுதானே, பயாப்சிக்கு அனுப்பாவிட்டால் என்ன" என்று மாமா சொல்கிறாராம். மாமாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். ஊசித்தலை, ஐஸ், பி.பி. பட்டை, ஸ்கேன் எல்லாம் சந்தேகத்தைப் பலப்படுத்துபவை. இது இன்னது என்று கையெழுத்துப் போடுவது நோய்க்குறியியல் துறைதான். வலிக்கிற தோல் கட்டிகளில் ஆஞ்சியோலிபோமா, லியோமயோமா, நியூரோமா, ஸ்பைராடினோமா என்று இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவரையொருவர் மறைத்துக்கொள்வார்கள். ஃபார்மலின் டப்பாவில் பெயரும் எந்த விரல் என்பதும் சரியாக எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பிப்ரவரி 24

ரிப்போர்ட் படத்தைப் பார்த்தேன் (பெயரை மறைத்துப் போட்டிருக்கலாம், மாற்றிவிட்டீர்கள், நல்லது). சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி ஒரே அளவில் உருண்டைச் செல்கள், ஸ்மூத் மசில் ஆக்டின் பாசிட்டிவ், எஸ்-100 நெகட்டிவ், கெரட்டின் நெகட்டிவ். ஆக்டின் பாசிட்டிவ் என்றால் அந்தச் செல்கள் சுருங்குகிற தசைச் சாதி, எஸ்-100 நெகட்டிவ் என்றால் நரம்புக் கட்டியோ மெலனோமா என்கிற நிறமிச் செல் புற்றோ இல்லை என்ற பக்கம் சாய்கிறது, கெரட்டின் இல்லையென்றால் வியர்வைச் சுரப்பி வகையும் விலகுகிறது. குளோமஸ் கட்டி, திட வகை. அதுதான் அதிகம் வருகிற வகை.

தாளில் "ட்யூமர்" என்று பார்த்து வீட்டில் அழுதார்கள் என்கிறீர்கள். விரலில், தோலோடு, இந்த அளவில் இருப்பது புற்றாவது மிக மிக அபூர்வம். ரிப்போர்ட்டில் செல்பிரிவு அதிகம், வினோத வடிவம் என்றெல்லாம் ஒரு வரியும் இல்லை. அத்தையை அழைத்து இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள், கீமோ பேச்சை நிறுத்துவார்.

மே 9

வேறு ஒருவர் கேள்வி. எடுத்து ஒரு மாதம், இன்னும் வலிக்கிறது, திரும்பி வந்துவிட்டதா?

ஒரு மாதத்தில் தையல் போட்ட நகப்படுகை வலிக்கத்தான் செய்யும். ஆனால் அது வேறு வலி, பகல் முழுக்க மந்தமாக இருக்கும். பழைய வலியை உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். மூன்று மாதம் தாண்டியும் அதே புள்ளி, அதே குளிர், அதே வெடிப்பு என்றால் மறுபடி படம் எடுக்க வேண்டும். சீக்கிரம் திரும்பினால் பெரும்பாலும் முதல் தடவை முழுசாக எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். பல வருடம் நன்றாக இருந்துவிட்டு வந்தால் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கலாம். இரண்டுக்கும் மறுபடி எடுப்பதுதான் வழி.

கால் பெருவிரல்காரர் தகவல் சொன்னார், எலும்பு முளைதான், எக்ஸ்ரேயில் தெரிந்தது, எடுத்தாயிற்று.

ஜூலை 20

தம்பியின் அம்மா பிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது. நகம் முக்கால்வாசி வந்துவிட்டது, நடுவில் லேசான வரி. நன்றி எனக்கு வேண்டாம், மனசு என்று சொன்னவரிடம் பயாப்சி ரிப்போர்ட்டின் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள், சண்டை போடாமல். அடுத்து அவரிடம் வருகிற பெண்ணுக்கு உதவும்.

ஜூலை 21

நேற்றிரவு கட்டைவிரல் நகத்தின் படத்தைப் போட்டவர் கவனிக்கவும். வலியே இல்லை, கறுப்புக் கோடு, ஆறு மாதத்தில் அகலமாகியிருக்கிறது, நகத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிய தோலிலும் கறுப்பு இறங்குகிறது என்கிறீர்கள். "வலி இல்லை, ஆகவே உங்களுடையதை விட நல்லதுதானே அக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்த இழையில் பேசியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. நகத்தடியில் மெலனோமாவும் வரும், அது வலிக்காமலே வரும், நம் நிறத்துக்காரர்களுக்கு வருகிற மெலனோமாவில் கைகால் நகங்களும் உள்ளங்காலும் முக்கியமான இடங்கள். மற்ற விரல்களிலும் அதே மாதிரிக் கோடுகள் பல வருடமாக மாறாமல் இருந்தால் பயமில்லை, ஆனால் ஒரே விரலில் அகலமாகிக்கொண்டே போவது வேறு. குண்டூசி, ஐஸ் எதுவும் வேண்டாம். நாளைக்குக் காலையில், தோலைப் பெரிதாக்கிப் பார்க்கிற டெர்மோஸ்கோப் வைத்திருக்கிற தோல் மருத்துவரிடம் போங்கள், பயாப்சி வேண்டும் என்றால் தள்ளிப் போடாதீர்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள்.